மார்கழி விடியலில படலை தாண்டுறது எப்பிடி?

வடலி, 01.12, இரவு 9.20

ஐப்பசி வரைக்கும் கிழமைக்கு அஞ்சு நாள் நடந்த ஆக்கள் மாரி பிடிச்ச உடனே நிப்பாட்டிப் போடுகினம். விடிய அஞ்சு மணிக்குக் கும்மிருட்டு. கூதல். ஒழுங்கை முழுக்க வெள்ளம். மாசி வரைக்கும் உடம்புக்கு ஓய்வு குடுத்து, வெயில் வந்த பிறகு புதுசாத் தொடங்கினால் என்ன பிழை? மனவுறுதி இல்லாத நேரத்தில உடம்பை வருத்தி எழும்பி என்ன கண்டது?

படலையடி, 01.12, இரவு 10.05

பிழை இருக்கு. ஒருக்கால் நடந்தால் அது இரத்தத்துச் சீனியைக் குறைக்கிற வேலை ஒண்டு தொடக்கம் மூண்டு நாள்தான் நிக்கும். சலரோகக்காரருக்கு "அடுத்தடுத்து ரெண்டு நாளுக்கு மேல விடாதேங்கோ" எண்டு சொல்லுறது இதாலதான். இருதயமும் சுவாசப்பையும் பழகின பழக்கம் ரெண்டு மூண்டு கிழமையில இறங்கத் தொடங்கும். நீங்கள் கேக்கிற ஓய்வு மூண்டு மாசம். மாசியில முதலாம் படியில நிண்டு தொடங்கி, உடம்பு பழகி வரேக்க சித்திரை வெயில் வந்திடும். அப்ப அது ஒரு காரணமாப் போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல வெளியிட்ட வழிகாட்டலில, வளந்தவைக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம் மிதமான அசைவும், ரெண்டு நாள் தசைக்கு வேலையும் எண்டு இருக்கு. அதுக்கு முந்தின வழிகாட்டலில ஒரு தடவைக்கு 10 நிமிசமாவது தொடர்ந்து செய்யவேணும் எண்டு ஒரு கட்டுப்பாடு இருந்தது. 2020 இல அதை எடுத்துவிட்டினம். மாரிக்கு இது பெரிய விசயம். மழை விட்ட ஏழு நிமிசமும் கணக்கில சேரும்.

மனவுறுதியைப் பற்றி ஒண்டு. கூதல் ஆக்களை நிப்பாட்டுறேல்லை. நிப்பாட்டுறது மூண்டு: இருட்டு, ஈரம், முதல் பத்து நிமிசம். இந்த மூண்டுக்கும் முதல் நாள் இரவே வழி செய்து வைச்சால் விடிய மனவுறுதிக்குப் பெரிசா வேலை இல்லை.

சைக்கிள் ஐயா, 02.12, விடிய 5.50

யாழ்ப்பாணத்தில தை மாசத்து விடியலிலயே 22, 23 பாகைதான். உலகக் கணக்கில அது கூதலே இல்லை. ஆனால் வருசம் முழுக்க 30 பாகையில இருக்கிற உடம்பு, பனி ஈரத்தோட வாடைக்காத்தும் அடிக்கேக்க விறைக்கும். அது பொய் இல்லை, அதால ஆரையும் நையாண்டி பண்ண வேண்டாம். உடுப்பு விசயத்தில பிழை விடாமல் இருந்தால் காணும்.

பருத்திப் பெனியன் வேர்வையைக் குடிச்சு வைச்சிருக்கும். நிண்ட உடனே காத்துப் பட்டால் அதுதான் நடுக்கம். உள்ளுக்கு விளையாட்டுச் சேட் மாதிரி மெல்லிய பொலியெஸ்டர், அதுக்கு மேல முன்பக்கம் திறக்கிற ஏதாவது ஒண்டு. பத்து நிமிசத்தில மேலானதைக் கழட்டி இடுப்பில கட்டவேணும். வெளிக்கிடேக்க கொஞ்சம் கூதலாத்தான் இருக்கவேணும். படலையடியிலயே இதமா இருந்தால் உடுப்பு கூடிப்போச்சு.

கிணத்தடி, 02.12, காலை 7.15

ஐயா சொன்னதோட ஒண்டு. நடந்து முடிஞ்சு வந்து ஈரச் சேட்டோட பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு பேப்பர் பார்க்கிறது கூடாது. வந்து அஞ்சு நிமிசத்துக்குள்ள துவாயால துடைச்சு மாத்துங்கோ.

கனபேர் விடிய வெளிக்கிடாததுக்கு உண்மையான காரணம் குளிப்புப் பயம். திரும்பி வந்து குளிர்ந்த தண்ணியில குளிக்கவேணும் எண்ட நினைப்பே படுக்கையில வைச்சிருக்கும். அதுக்கு எங்கட ஊரிலயே விடை இருக்கு. சுண்ணக்கல்லுக்குள்ள இருக்கிற நிலத்தடித் தண்ணி வருசத்துச் சராசரி வெக்கையிலதான் நிக்கும், கிட்டத்தட்ட 27, 28 பாகை. வெளிக்காத்து 22 எண்டால் கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும். குளிரிறது மேல் தாங்கியில இரவு முழுக்கக் கிடந்த தண்ணி. விடியக் குளிக்கிற ஆக்கள் தாங்கிக் குழாயைத் திறக்காமல் அள்ளிக் குளியுங்கோ. இல்லாட்டில் மோட்டரைப் போட்டு, கிணத்தில இருந்து நேர வாற தண்ணியில குளியுங்கோ. அள்ளுறதும் கைக்கும் முதுகுக்கும் வேலைதான். 10 லீற்றர் வாளி 10 கிலோ.

படலையடி, 02.12, இரவு 8.40

இருட்டைப் பற்றி. இங்க சூரியன் எழும்புற நேரம் ஏறத்தாழ இப்பிடி: இண்டைக்கு 6.11, டிசம்பர் 21 இல 6.21, ஜனவரிக் கடைசியில 6.32. ஆனியில 5.50. ஆக, ஆனியில அஞ்சரைக்கே வெளிச்சத்தில நடந்தவர் அதே அஞ்சரைக்கு இப்ப வெளிக்கிட்டால் கும்மிருட்டிலதான் போகவேணும். உடம்பு எழும்ப மறுக்கிறதும் இதாலதான், சோம்பல் எண்டு அதைத் திட்டிப் பயன் இல்லை.

டிசம்பர் 21 ஆம் திகதியோட பகல் நீளத் தொடங்குது, இனி விடிய வெள்ளன வெளிச்சம் வரும் எண்டு கனபேர் நினைக்கினம். அது பிழை. பகல் நீளும், ஆனால் முழுக்கப் பின்னேரப் பக்கம்தான் நீளும். சூரிய உதயம் ஜனவரிக் கடைசி வரைக்கும் பிந்திக்கொண்டேதான் போகும். தைப்பொங்கலுக்குப் பிறகும் இருட்டு விடேல்லை எண்டு சலிச்சு விடுறவை இதைத் தெரிஞ்சு வைச்சிருந்தால் விடமாட்டினம்.

ஆனபடியால் நேரத்தை மாத்துங்கோ. 5.30 ஐ 6.10 ஆக்குங்கோ. வேலைக்குப் பிந்தும் எண்டால் நடையை 25 நிமிசமாக் குறைச்சுப் பின்னேரம் 20 நிமிசம் சேருங்கோ.

வடலி, 02.12, இரவு 9.10

அப்ப பின்னேரத்துக்கே முழுசா மாத்தினால் என்ன?

படலையடி, 02.12, இரவு 9.30

இப்ப சூரியன் 5.47 க்கே விழுந்திடும். கந்தோர் விட்டு வீடு வரவே இருட்டிப்போம். ஜனவரிக் கடைசியில 6.14 வரைக்கும் நிக்கும். அப்ப பின்னேரம் நல்லாச் சரிவரும். டிசம்பர் முழுக்க விடிய, தைப்பொங்கல் கழிய பின்னேரம். இதுதான் என்ர கணக்கு.

சைக்கிள் ஐயா, 03.12, பகல் 12.30

வாடைக்காத்து வடகிழக்கில இருந்து அடிக்கும். சைக்கிளோ நடையோ, முதல் பாதி காத்துக்கு எதிர, திரும்பேக்க காத்து முதுகில எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. வேர்த்த உடம்போட எதிர்காத்தில வாறதுதான் விறைப்பு. சைக்கிளில 15 கிலோமீற்றர் வேகத்தில போறவருக்கு 15 வேகத்தில எதிர்காத்து எண்டால் முகத்தில 30 அடிக்கும்.

சைக்கிள் ஐயா, 03.12, பின்னேரம் 6.05

மத்தியானம் எழுதினதுக்கு ஒரு திருத்தம். கோட்டையடியில இருந்து பண்ணைத் தாம்போதியால வேலணைப் பக்கம் போறவைக்கு அது தலைகீழாப் போகும். றோட்டு தென்மேற்குப் பக்கமா ஓடுது. போகேக்க காத்து தள்ளிவிடும், லேசா இருக்கும், தூரம் தெரியாது. திரும்பேக்க வேர்வையோட முகத்தில வாங்கவேணும், ரெண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் இல்லை. பண்ணையில நடக்கிறவை மேற்சட்டையைப் போகேக்க கழட்டி, திரும்புற இடத்தில போடவேணும். நேரத்தைப் பாதியாப் பிரிக்காமல் 40 நிமிச நடைக்கு 17 ஆவது நிமிசமே திரும்புங்கோ. காத்துப் பலமா இருக்கிற நாளில முற்றவெளியைச் சுத்துறது புத்தி. சுத்துப்பாதையில எந்தப் பக்கக் காத்தும் ரெண்டு நிமிசத்தில மாறிப்போம்.

பொன்னாங்காணி, 04.12, காலை 6.45

எங்கட வீட்டுப் பெரியாக்கள் சொல்லுறது: பனி தலையில விழுந்தால் தடிமன், சளி, முட்டு (ஆஸ்மா) எல்லாம் வரும். அதுக்கு என்ன சொல்லுறியள்?

கிணத்தடி, 04.12, காலை 8.00

தடிமன் வைரசாலதான் வருது, பனியால இல்லை. மாரியில கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஒரு அறைக்குள்ள இருக்கிறதால அது பரவுது. வெளியில தனிய நடக்கிறவருக்கு அதில ஆபத்துக் குறைவு.

முட்டு வேற விசயம் தங்கச்சி. அதில பெரியாக்கள் சொல்லுறதில உண்மை இருக்கு. குளிர்ந்த காத்தை வாயால வேகமா இழுக்கேக்க சுவாசக்குழாய் சுருங்கும். ஈரச் சுவரில பிடிக்கிற பூஞ்சணம், விடிய எரிக்கிற குப்பைப் புகை, இதுகள் இன்னும் மோசம். முட்டு உள்ளவை மூக்கையும் வாயையும் மூடி ஒரு பருத்தித் துணி கட்டவேணும், மூக்காலதான் மூச்செடுக்க வேணும், முதல் 10 நிமிசம் ஆறுதலாத்தான் நடக்கவேணும். ஆறுதலாச் சூடேத்தினால் பிறகு வாற சுருக்கம் குறையும். வைத்தியர் நீல இன்ஹேலரை நடைக்கு முந்தி இழுக்கச் சொல்லியிருந்தால் வெளிக்கிட 15 நிமிசத்துக்கு முதல். அதைக் காற்சட்டைப் பையில கொண்டும் போகவேணும், வீட்டு மேசையில வைச்சிட்டுப் போறேல்லை.

தலைக்குத் துணி கட்டுறது நல்லதுதான். காது குளிர்ந்தால் ஆக்கள் பாதியில திரும்புவினம், அதுக்காகவாவது கட்டுங்கோ.

படலையடி, 04.12, இரவு 9.00

முதல் பத்து நிமிசத்தை விறாந்தையிலயே முடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. நிண்ட இடத்தில கால் மாத்தி மாத்தி 2 நிமிசம். தோளை முன்னுக்கும் பின்னுக்கும் 10 தரம் சுழட்டுறது. சுவரைப் பிடிச்சுக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 15 தரம் ஆட்டுறது. கதிரையில இருந்து எழும்பி இருக்கிறது 10. குதிக்கால் உயத்துறது 15. பிறகு வீட்டுக்குள்ள 3 நிமிசம் விறுவிறு நடை. விறைச்ச தசையை இழுத்துப் பிடிச்சு நிக்கிற நீட்டல்களை முதலில செய்யாதேங்கோ. அது நடை முடிஞ்ச பிறகு, ஒவ்வொண்டும் 20 தொடக்கம் 30 விநாடி.

இரவு படுக்க முதல் செய்யிற வேலை: சேட், காற்சட்டை, மேசு எல்லாம் கட்டில் காலடியில. சப்பாத்து கதவடியில. ரோச் லைற் சார்ச்சில. போனை வைக்கிறது கைக்கெட்டாத மேசையில, எழும்பிப் போய் நிப்பாட்டுற மாதிரி. பேச்சு என்னெண்டால், படலை வரைக்கும் போறது. படலையைத் தாண்டி அஞ்சு நிமிசம் நடந்தும் ஏலாது போலிருந்தால் திரும்பலாம், அண்டைக்கு அது கணக்குத்தான். அஞ்சு நிமிசம் நடந்தவர் பெரும்பாலும் திரும்பமாட்டார், உடம்பு சூடேறிப்போம்.

இதைவிடப் பலமானது சந்தியில நிக்கிற ஒரு ஆள். "6.15 க்கு மதவடியில நிப்பன்" எண்டு சொன்னவரை மழைக்குள்ள காக்க வைக்க ஒருதருக்கும் மனம் வராது. ரெண்டு பேர் போதும். அஞ்சாறு பேர் சேர்ந்தால் ஆராவது ஒருதர் பிந்துவார், மிச்சப்பேர் நிண்டு கதைச்சுக் குளிர்ந்துபோவினம்.

கிணத்தடி, 06.12, காலை 10.20

ரெண்டு நாளா மழை ஓயேல்லை. வீட்டுக்குள்ள 20 நிமிசத்தில முடிக்கக்கூடியது: கதிரையில இருந்து கை ஊண்டாமல் எழும்புறது 10, சுவரில கை ஊண்டித் தள்ளுறது 12, 5 லீற்றர் தண்ணிக் கானைக் குனிஞ்சு நிண்டு இடுப்பு வரைக்கும் இழுக்கிறது கைக்கு 10, வாசல் படியில ஏறி இறங்கிறது காலுக்கு 10, ஒற்றைக் காலில 30 விநாடி நிக்கிறது. இடையில ஒரு நிமிசம் ஆறி இதை மூண்டு சுத்து. சுவர் லேசாப் போனால் திண்ணை விளிம்பில தள்ளுங்கோ, அதுவும் லேசானால் நிலத்தில.

பிழைக்கிற இடங்கள்: கதிரை வழுக்கும், அதைச் சுவரோட சேர்த்து வையுங்கோ. பிளாஸ்ரிக் கதிரை வேண்டாம், கால் விரியும். சீமெந்து நிலம் மழை ஈரத்தில எண்ணெய் மாதிரி, செருப்போட ஏறாதேங்கோ. பாரம் தூக்கேக்க மூச்சை அடக்கினால் பிறசர் ஏறும், தூக்கேக்க வெளிய விடுங்கோ. கயிறு பாயிறது நல்ல பயிற்சி, ஆனால் முழங்கால் நோ உள்ளவை சீமெந்தில பாயக்கூடாது.

பொன்னாங்காணி, 06.12, பகல் 1.40

அம்மா சீனிக்கும் பிறசருக்கும் குளிசை எடுக்கிறா. விடிய வெறுவயித்தில நடக்கலாமோ?

படலையடி, 06.12, பகல் 2.30

என்ன குளிசை எண்டதைப் பொறுத்தது. மெற்போமின் மட்டும் எண்டால் சீனி ஆபத்தா இறங்கிறது அரிது. கிளிக்கிளசைட் மாதிரியானவையும் இன்சுலினும் இறக்கும். அவை எடுக்கிறவை வெளிக்கிட முதல் குத்திப் பார்க்கவேணும். 90 மில்லிகிராமுக்குக் கீழ எண்டால் ஒரு வாழைப்பழம், இல்லாட்டில் ரெண்டு பிஸ்கற் சாப்பிட்டு 15 நிமிசம் கழிச்சுப் போகலாம். பையில மூண்டு தேக்கரண்டி சீனி ஒரு கடுதாசியில மடிச்சு வையுங்கோ. நடுக்கம், வேர்வை, தலைச்சுத்து வந்தால் உடனே வாயில போடவேணும். கூதல் நாளில சிக்கல் என்னெண்டால் சீனி இறங்கிற நடுக்கத்தைக் கூதல் நடுக்கம் எண்டு நினைச்சு நடந்துகொண்டே இருப்பினம். கூதலில நடுங்கிறவருக்குத் தோல் காய்ஞ்சிருக்கும். சீனி இறங்கினவருக்குக் குளிர்ந்த வேர்வை வரும்.

பிறசருக்கு: குளிரில இரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் கொஞ்சம் கூடும். அம்மாவுக்கு 6.30 க்குப் பிந்தி, வெளிச்சத்தில, விறாந்தையில சூடேத்திப் போட்டு. கதைக்க ஏலும், பாட ஏலாது எண்ட வேகம் காணும். நெஞ்சில இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவுற நோ வந்தால் நிண்ட இடத்திலயே இருந்து 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. நடந்து வீட்டை வரப் பார்க்கக்கூடாது.

படலையடி, 06.12, பின்னேரம் 3.10

ஒண்டு விட்டுப்போச்சு. கூதலில தாகம் தெரியாது. வெளிக்கிட முதல் ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணி, வந்த பிறகு ரெண்டு. கஞ்சியோ கொத்தமல்லித் தண்ணியோ எண்டாலும் சரி. பனங்கட்டி கடிச்சுக் குடிக்கிறவை, சீனி வருத்தம் இருந்தால் அதையும் கணக்கில சேர்க்கவேணும். பனங்கட்டியும் சீனிதான்.

ஒழுங்கைத் தலைப்பு, 09.12, காலை 7.30

ரொறன்ரோவில இருந்து வாசிக்கிறன். இங்க மைனஸ் 12 பாகை. நீங்கள் 22 பாகையில எழுதுறதை வாசிக்க, மூலக்காரணம் ஒண்டுதான் எண்டு விளங்குது: இருட்டும் முதல் பத்து நிமிசமும். இங்க சேர்றது பனிக்கட்டி. சப்பாத்துக்கு அடியில மாட்டுற முள்ளு வளையம் இல்லாமல் நடைபாதையில இறங்கக்கூடாது, அடியைக் கிட்டக் கிட்ட வைச்சு, பாதம் முழுக்கப் படிய வைச்சு நடக்கவேணும். காத்தும் சேர்ந்து மைனஸ் 27, 28 மாதிரி உணர்த்துற நாளில வெறும் தோல் அரை மணித்தியாலத்துக்குள்ள உறையத் தொடங்கும். அண்டைக்கு கடைத்தொகுதிக்குள்ள நடக்கிறதுதான்.

சைக்கிள் ஐயா, 09.12, பின்னேரம் 5.40

இங்க உறையிறது இல்லை, ஆனால் வெளியில போகக்கூடாத நாள் இங்கயும் இருக்கு. 2022 டிசம்பரில மன்டோஸ் புயலோட வடக்கில மாடுகள் குளிரில விழுந்து செத்ததை மறந்திருக்க மாட்டியள். அதே நாளில காத்தும் கெட்டு, 9 ஆம் திகதி பள்ளிக்கூடம் மூடினது. வாடைக்காத்து இந்தியப் பக்கப் புகையையும் தூசியையும் கொண்டுவரும். போனில காத்துத் தரச் சுட்டெண் பாருங்கோ. 100 க்கு மேல எண்டால் முட்டும் இருதய வருத்தமும் உள்ளவை வீட்டுக்குள்ள. 150 க்கு மேல எண்டால் எல்லாரும் வீட்டுக்குள்ள. விடியத் தெரியிற மூடுபனி எல்லாம் பனி இல்லை, தொண்டை கரகரத்தால் அது புகை.

சைக்கிளுக்கு: ஈர றிம்மில பிறேக் கட்டை வழுக்கும். முதல் ரெண்டு சுத்து தண்ணியைத் துடைக்கவே போகும், அதுக்குப் பிறகுதான் பிடிக்கும். சந்திக்கு 20 மீற்றருக்கு முதலே லேசாத் தொட்டுத் தொட்டு றிம்மைக் காயவிடுங்கோ. டைனமோ உருளை ஈர ரயரில சறுக்கி வெளிச்சம் மங்கும், நிண்டால் அணையும். அதால சார்ச் லைற் ஒண்டு முன்னுக்கு, சிவப்பு ஒண்டு பின்னுக்கு. வெள்ளம் நிக்கிற இடத்தில குழி தெரியாது, இறங்கி உருட்டுங்கோ. கடற்கரையால போறவை சங்கிலியைக் கிழமைக்கு ஒருக்கால் துடைச்சு எண்ணெய் விடவேணும், உப்பு தின்னும்.

கிணத்தடி, 11.12, இரவு 8.15

வெள்ளம் எண்டதும் ஞாபகம் வந்தது. 2024 டிசம்பரில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சலால ஆக்கள் செத்தவை. வெள்ளத்துக்குள்ள வெறுங்காலோட நடக்காதேங்கோ, காலில வெட்டுக்காயம் இருந்தால் அறவே வேண்டாம். வெள்ளத்தில கால் வைச்ச பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் தசை நோவும் வந்தால் வைத்தியரிட்ட வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவேணும். டெங்குக் காலமும் இதுதான். அந்த நுளம்பு விடிஞ்ச பிறகு ரெண்டு மணித்தியாலமும் பொழுதுபட முதலும்தான் கூடக் கடிக்கும், சரியா நடக்கிற நேரம். முழுக் காற்சட்டை, மேசு.

சப்பாத்து நனைஞ்சால் உள்தகட்டை எடுத்து, பழைய பேப்பரை உருட்டித் திணிச்சு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாத்துங்கோ. அடுப்படியில வைச்சால் பசை விடும். ஏலுமெண்டால் ரெண்டு சோடி மாறி மாறி. கால்விரல் இடுக்கு ஈரமா இருந்தால் சேத்துப்புண் வரும், அது வந்தால் ரெண்டு கிழமை நடை போச்சு.

பொன்னாங்காணி, 14.12, விடிய 5.20

திருவெம்பாவை வருது. பத்து நாளும் நாலு மணிக்கே சங்குச் சத்தத்தில ஊர் எழும்பும். அம்மா எப்பிடியும் கோயிலுக்குப் போவா. அதோடயே நடையைச் சேர்க்கலாமோ?

படலையடி, 14.12, காலை 6.50

நல்ல யோசனை. எழும்புறது எண்ட பாரமான வேலை ஏற்கனவே முடிஞ்சுபோச்சு. ஆனால் போகேக்க இருட்டு, குளிச்ச தலை ஈரம். போறதுக்கு ஆறுதல் நடை, பூசை முடிஞ்சு வெளிச்சத்தில சுத்துப் பாதையால 25 நிமிசம் விறுவிறுப்பா. காலில செருப்புத்தான் இருக்கும், அதால ஒரு பையில சப்பாத்து. விரதத்தோட வாறவை அண்டைக்கு வேகத்தைக் குறைக்கவேணும். பிள்ளையார் கதைக்கு 21 நாள் விரதம் பிடிக்கிறவைக்கும் இதுதான்: நடை இருக்கட்டும், பாரம் தூக்கிறது வேண்டாம்.

முக்கியம்: பத்தாம் நாள் முடிஞ்ச அடுத்த விடியலுக்கு இப்பவே ஒரு நேரமும் ஒரு ஆளும் ஒழுங்கு பண்ணி வையுங்கோ. கோயில் மணி நிண்டவுடனே நடையும் நிக்கிறது அந்த இடத்திலதான்.

வடலி, 14.12, இரவு 9.45

மாசிக்குத் தள்ளிப்போடுற யோசனையைக் கைவிட்டிட்டன். நாளைக்கு 6.15, மதவடி, 25 நிமிசம். ஒரு கேள்வி மட்டும்: பழைய அஞ்சரை நேரத்துக்கு எப்ப திரும்பலாம்?

படலையடி, 14.12, இரவு 10.00

மாசி நடுவில சூரியன் இன்னும் 6.29 க்குத்தான் எழும்பும். பங்குனி நடுவில 6.17. அதுக்குப் பிறகு கிழமைக்கு அஞ்சு அஞ்சு நிமிசமா முன்னுக்கு இழுங்கோ, ஒரே நாளில மாத்தாதேங்கோ. நாளைக்கு ரோச் லைற்றை இப்பவே சார்ச்சில போடுங்கோ.